‘ஜெபிக்கிறேன்’ என்று சொன்ன பிறகு: வடசென்னையில் சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மூன்று மாதம் முன்பு, ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சபைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். “அக்கா, எல்லாரும் ‘உனக்காக ஜெபிக்கிறேன்’னு சொல்றாங்க. நானும் பதிலுக்கு அதையே சொல்லிட்டு வந்துடறேன். ஆனா வீட்டுக்குப் போய் என்ன பண்ணணும்னு தெரியல. இதுக்கு யாராவது க்ளாஸ் எடுப்பாங்களா?” என்றாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எனக்கும் யாரும் க்ளாஸ் எடுக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் தப்பும் தவறுமாகச் செய்துதான் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. அவளுக்கு வாசலில் நின்று சொன்னதைத்தான் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. பிறந்தது ராயபுரம், கத்தோலிக்கக் குடும்பம். வாழ்க்கைப்பட்டது தண்டையார்பேட்டை, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீடு. எதிர்வீட்டில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற சகோதரி. பிறந்த வீட்டில் ‘செபம்’, புகுந்த வீட்டில் ‘ஜெபம்’. அங்கே ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’, இங்கே ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’. கல்யாணமான புதிதில் மாமியார் பக்கத்தில் நின்று பாதி அப்படியும் பாதி இப்படியும் சொல்லி விழித்திருக்கிறேன். நீங்கள் எந்தச் சபையில் இருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும், வார்த்தையை மட்டும் உங்கள் வீட்டு வழக்கப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஓர் இடம் வேண்டும்

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார்: ஜெபம்பண்ணும்போது உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி, அந்தரங்கத்திலிருக்கிற உன் பிதாவை நோக்கி ஜெபம்பண்ணு. சரி. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் பூட்டுவதற்கு எந்தக் கதவு? எங்கள் பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதலில் இடறி நிற்பது இங்கேதான். இடம் இல்லையே என்று ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள், அப்படியே ஒரு வருடம் ஓடிவிடும்.

கதவு என்றால் மரக்கதவுதான் என்று நினைக்க வேண்டாம். ஒருவரும் உங்களைக் கூப்பிடாத பத்து நிமிடம் கிடைத்தால் அதுதான் அறைவீடு. எனக்குத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் அறைவீடுகளைச் சொல்கிறேன். ஒருவருக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம். ஒருவருக்கு விடிகாலையில் தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கிற நேரம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிற ஒரு தம்பிக்குத் துறைமுக வரிசையில் வண்டி நகராமல் நிற்கும் நேரம். அவனுக்குத்தான் எங்கள் எல்லாரையும் விட அதிக நேரம் கிடைக்கிறது.

மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இது. விம்கோ நகரில் ஏறினால் திருவொற்றியூர், வ.உ.சி. நகர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ், அப்புறம் சென்ட்ரல். ஒரு நிலையத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூர் வரை அம்மா, அதற்கப்புறம் அண்ணன், அதற்கப்புறம் வேலை செய்யும் இடத்தில் முறைத்துக்கொண்டிருக்கிறவர். கண்ணை மூட வேண்டியதில்லை, உதடு அசைய வேண்டியதில்லை. பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக ரயில் நிற்கும்போது பெட்டியில் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். உங்களுக்கு ஓர் ஆள் கூடுதலாகக் கிடைப்பார்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்காதவன் விசுவாசியா?’ என்று யாராவது கேட்டால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர்களுக்கு அந்த நேரம்தான் தொழில். அதுவும் ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கிற கூட்டத்தில் காலை ஆராதனைக்கு வர முடியாமல் போகிற பெண்கள் எத்தனையோ பேர். தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டான், நெகேமியா ராஜாவுக்கு முன்னால் நின்றுகொண்டே கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஜெபித்தான். இரண்டும் வேதத்தில் இருக்கிறது. உங்களால் தினமும் தவறாமல் முடிகிற நேரம் எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடமானாலும் சரி.

என்ன சொல்வது?

புதிதாக வந்தவர்களுக்கு ஜெபத்தைவிட ஜெபத் தமிழ்தான் பயம். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து ‘அன்பின் பரலோக பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறோம்’ என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் பத்து நிமிடம் போவார். அதைக் கேட்டதும் நமக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தமிழ் அவருக்குச் சிறு வயதிலிருந்து பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தைப் படித்துப் படித்து வந்தது. அவருக்கு அது இயல்பு. உங்களுக்கு வராவிட்டால் குற்றமில்லை.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார், மகன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். பாட்டி ஆண்டவரை ‘நைனா’, அதாவது அப்பா, என்றுதான் கூப்பிடுவார். “நைனா, இன்னிக்கு வலை காலியா வராம பாத்துக்க. புள்ள பத்திரம்.” அவ்வளவுதான், எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். ரோமர் 8-இல் பவுல் ‘அப்பா பிதாவே’ என்று கூப்பிடுவதைப் பற்றி எழுதுகிறார். அந்த ‘அப்பா’ அரமேயச் சொல், நம் காதுக்கு அப்படியே நம் வீட்டுச் சொல்லாகக் கேட்கிறது. பாட்டி அதையும் வடசென்னைக்கு மாற்றிக்கொண்டார். ‘நீர், உம்முடைய’ என்று சொல்வது மரியாதைதான், பழகப் பழக வரும். வருகிறவரை ‘நீங்க’ என்றே பேசுங்கள்.

முதல் வாரம் புதிதாக எதையும் இயற்ற வேண்டாம். கர்த்தருடைய ஜெபத்தை எடுத்து ஒரு நாளைக்கு ஒரு வரி என்று நில்லுங்கள். ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்ற வரி வருகிற நாளில் அரிசி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு ஜெபித்தால் அந்த வரியின் அர்த்தமே வேறாகத் தெரியும். ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ வருகிற நாளில் கொஞ்சம் கஷ்டம்தான். எனக்கு இன்னும் கஷ்டம்.

இரண்டாவது வாரத்தில் சங்கீதங்களுக்கு வாருங்கள். கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்பார்கள். மொத்தம் 150. நாளுக்கு ஒன்று என்றால் ஐந்து மாதம் ஓடும். சின்னதாக ஆரம்பியுங்கள்: 117-க்கு இரண்டே வசனம், 23-க்கு ஆறு, 121-க்கு எட்டு. இந்த 121-ஆம் சங்கீதம் ‘எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்’ என்று தொடங்கும். எங்கள் பக்கம் பர்வதம் ஏது, கொடுங்கையூர் குப்பை மேடுதான் உயரம். ஆனால் ‘ஒத்தாசை’ என்ற சொல் எவ்வளவு நம் வீட்டுச் சொல் பாருங்கள். “கொஞ்சம் ஒத்தாசைக்கு வாயேன்” என்று பக்கத்து வீட்டில் கேட்பதைப் போலவே கேட்கலாம். செபமாலை சொல்லி வளர்ந்தவர்களுக்கு 53 மணியும் கையில் ஓடும்போது மனசு எங்கோ போய்விடுகிறது என்ற குறை இருக்கும். என் அம்மா ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் ஓர் ஆள் என்று வைத்துக்கொள்வார். முதல் பத்து அப்பாவுக்கு, அடுத்த பத்து வீட்டு ஓனருக்கு. மனசு ஓடினாலும் அந்த ஆளைச் சுற்றித்தான் ஓடும்.

ஒன்றுமே வராத நேரத்துக்கு ஒரு ஜெபம் சொல்கிறேன். ராயபுரம் என்ற பெயரே இராயப்பரால், அதாவது பேதுருவால் வந்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்தப் பேதுரு தண்ணீர் மேல் நடந்து, காற்றைப் பார்த்துப் பயந்து, அமிழ ஆரம்பித்தபோது சொன்னது மூன்றே வார்த்தை: “ஆண்டவரே, என்னை இரட்சியும்.” முன்னுரை இல்லை, ஸ்தோத்திரம் இல்லை, முடிவில் ஆமென்கூட இல்லை. உடனே கை நீண்டது என்று எழுதியிருக்கிறது. படகுக்காரர் ஊரில் இருக்கிற நமக்கு இது போதும்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு, கடையில் கிடைக்கிற சாதாரணம். அதில் நாலு விஷயம்: இன்றைய தேதி, யாருக்காக, என்ன காரியம், அந்தக் காரியம் நடக்கிற நாள்.

நாலாவதுதான் முக்கியம். ‘எதிர்வீட்டு அக்கா குடும்பம் ஆசீர்வதிக்கப்படணும்’ என்று எழுதினால் அதை என்றைக்கு விசாரிப்பது? ‘எதிர்வீட்டு அக்கா, வயிற்றில் கட்டி, செவ்வாய்க்கிழமை ஸ்கேன்’ என்று எழுதுங்கள். திங்கள் இரவு அவருக்குத் தூக்கம் வராது என்று உங்களுக்குத் தெரியும். செவ்வாய் சாயங்காலம் ஸ்கேன் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும் என்றும் தெரியும். “அக்கா, இன்னைக்குத்தானே ஸ்கேன்?” என்ற ஒரு கேள்விக்கு நிகரான ஆறுதலை நான் எந்த வாக்குத்தத்த அட்டையிலும் (வேத வசனம் அச்சிட்ட அட்டை) பார்த்ததில்லை. நமக்காக ஜெபிக்கிறவர் நாளை நினைவில் வைத்திருக்கிறார் என்றால், ஆண்டவரும் வைத்திருப்பார் என்று நம்புவது கொஞ்சம் சுலபமாகிறது.

முதலில் ஐந்து பேருக்கு மேல் எழுத வேண்டாம். ஆர்வத்தில் ஐம்பது பேரை எழுதிவிட்டு, மூன்றாம் நாள் பட்டியலைப் பார்த்தாலே அலுப்பு வந்து, நோட்டைப் பீரோ மேல் வைத்தவள் நான்.

வடசென்னைக்காரர்கள் நோட்டில் எழுத வேண்டிய சில தேதிகள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும். படகுக்காரர் மட்டுமல்ல, ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், மீன் சுத்தம் பண்ணிக் கொடுக்கிற அக்கா எல்லாருக்கும் வருமானம் சுருங்கும். தடைக்காலம் முடிகிறதுக்குள் பள்ளி திறக்கிற செலவும் வந்து நிற்கும். மே மாதம் பிறக்கும்போதே அந்த வீடுகளின் பெயர் நோட்டில் இருக்கட்டும். அப்புறம் பிளஸ் டூ தேர்வு, மகளிர் குழு லோன் தவணை நாள், டிசம்பர் மழை.

மழை என்றதும் நினைவு வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அந்த வாரம் எங்கள் ஜெபக்குழு கூடவில்லை. யார் வீட்டில் பால் வேண்டும், யார் வீட்டுப் பாட்டிக்குச் சுகர் மாத்திரை தீர்ந்தது என்று நோட்டுதான் சொன்னது. எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து வலையெல்லாம் கறுத்துப்போனவர்களிடம் போய் வசனம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அரிசி மூட்டையோடு போனோம். யாக்கோபு நிருபத்தில் இருக்கிறது: துணி இல்லாமல் பசியோடு நிற்கிறவரிடம் எதுவும் கொடுக்காமல் ‘குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று சொல்லி அனுப்பினால் பிரயோஜனம் என்ன?

‘ஜெபிக்கிறேன்’ என்ற வார்த்தை

இந்த வார்த்தையை நாம் பல நேரம் பேச்சை முடிக்கத்தான் பயன்படுத்துகிறோம். ஒருவர் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்திருப்பார். நமக்குப் பஸ்ஸுக்கு நேரமாகும். “சரிக்கா, ஜெபிக்கிறேன்” என்று நகர்ந்துவிடுவோம். அவரும் புரிந்துகொள்வார்.

எனவே ஒரு பழக்கம்: சொன்ன இடத்திலேயே செய்துவிடுங்கள். “இப்பவே ஒரு நிமிஷம் ஜெபிக்கலாமா?” என்று கேளுங்கள். சரி என்றால், நின்ற இடத்தில், கண் திறந்தபடியே, நாலு வரி. அவர் சொன்ன காரியத்தை மட்டும் சொல்லுங்கள். உங்கள் அறிவுரையை ஆண்டவரிடம் சொல்வதுபோல அவர் காதில் போடாதீர்கள் (‘ஆண்டவரே, இந்த மகளுக்குப் பொறுமையைக் கொடும், இவர் கோபத்தைக் குறைத்துவிடும்’ என்கிற வகை). வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வீட்டில் நோட்டு இருக்கிறது. கிறிஸ்தவர் அல்லாத அக்கம்பக்கத்தாரிடமும் கேட்கலாம், கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். பெரும்பாலும் “எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கோம்மா” என்பார்கள். செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலிலும், பெரம்பூர் லூர்து மாதா கோயிலிலும் மெழுகுவர்த்தியோடு நிற்கிறவர்களில் எத்தனை பேர் பொட்டு வைத்தவர்கள் என்று போய்ப் பாருங்கள். வேண்டுதல் எங்கள் ஊருக்குப் புதிதல்ல.

அப்புறம் ரகசியம். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு சகோதரி தன் மகனின் குடிப்பழக்கத்தைப் பற்றி என்னிடம் அழுதார். நான் வியாழக்கிழமைக் கூட்டத்தில் ‘பெயர் சொல்லாமல்’ ஜெபக்குறிப்பாக வைத்தேன்: “நம்ம ஏரியாவுல ஒரு தாய், ஒரே மகன், ஆட்டோ ஓட்டுறவர்...” பெயர் எதற்கு? அன்று சாயங்காலமே மீன் மார்க்கெட்டில் ஒருவர் அவரிடம், “கவலைப்படாதீங்க, உங்க பையனுக்காக ஜெபிக்கிறோம்” என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சகோதரி ஒரு வருடம் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. என் வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தார், ஆனால் மறுபடி என்னிடம் எதையும் சொன்னதில்லை. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வம்பு நடப்பது எல்லாச் சபையிலும் உண்டு. “இதை மற்றவர்களிடம் சொல்லி ஜெபிக்கச் சொல்லட்டுமா, எனக்குள்ளேயே வைக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். வாட்ஸ்அப் ஜெபக்குழுவுக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். யாருடைய மருத்துவ ரிப்போர்ட்டையும் படம் எடுத்துப் போடாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜும் வேண்டாம்.

துக்க வீட்டில்

யோபுவின் மூன்று நண்பர்களை எல்லாரும் திட்டுவார்கள். ஆனால் அவர்கள் முதலில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஏழு நாள், ஏழு ராத்திரி, ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

நானும் அப்படி வாயைத் திறந்தவள்தான். வளர்ந்த மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. வெகு நாள் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. அந்த வசனம் யோபு தன்னைப் பற்றித் தானே சொன்னது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவன் சொல்லலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் அதை எடுத்து அவன் கையில் கொடுக்க முடியாது. அதுபோலவே ‘எல்லாம் நன்மைக்கே’, ‘நல்லவங்களை ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்’, ‘விசுவாசம் இருந்தா அழக்கூடாது’ எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். லாசருவின் கல்லறையில் இயேசுவே அழுதார். ரோமர் 12 ‘அழுகிறவர்களுடனே அழுங்கள்’ என்கிறது, அழுகையை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை.

என்ன செய்யலாம்? ஷாமியானா போட்டு நாற்காலி வந்ததா பாருங்கள். தண்ணீர் கேன் சொல்லுங்கள். வீட்டுக் குழந்தைகள் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள், கேட்க மாட்டார்கள் யாரும். அடக்கம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊர் திரும்பி, ஷாமியானா கழற்றிய பிறகு, பத்தாம் நாள் பதினைந்தாம் நாள் ஒரு மாலை போங்கள். அப்போதுதான் அந்த வீட்டில் சத்தமே இருக்காது. போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று பயந்து எல்லாரும் அந்தப் பெயரையே தவிர்ப்பார்கள். அவர்கள் கேட்க ஏங்குவது அந்தப் பெயரைத்தான். புறப்படும்போது அவர்கள் கேட்டால் மட்டும் ஒரு சின்ன ஜெபம்.

எலியாவின் கதையையும் இந்த இடத்தில் நினைப்பேன். 1 இராஜாக்கள் 19-இல் அவன் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாக விரும்புகிறான். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறான். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு. பேச்சு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

ஸ்டான்லியிலோ வேறு எங்கோ ஒருவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பார்வையாளர் நேரத்தில் போங்கள், ஐந்து பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். பக்கத்துப் படுக்கையில் இருப்பவரும் நோயாளிதான், எனவே சத்தமாகப் பாட்டும் ஜெபமும் வேண்டாம். துணைக்கு இருக்கிறவரை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். “நீங்க போய்க் குளிச்சிட்டுச் சாப்பிட்டு வாங்க, நான் இருக்கேன்” என்று இரண்டு மணி நேரம் கொடுப்பது பெரிய ஊழியம்.

குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லவே கூடாது. யாராவது அப்படிச் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும், கேட்க வேண்டாம். யாக்கோபு சபையின் மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொன்னார், வைத்தியரை விரட்டச் சொல்லவில்லை. லூக்காவே வைத்தியர்தான். ஜெபத்துக்குக் கட்டணம் பேசுகிறவர் வீட்டுக்கு வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மனச்சோர்வையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒருவர் வாரக்கணக்கில் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, ‘இருந்து என்ன பண்ணப்போறேன்’ என்கிறார் என்றால், ஜெபியுங்கள், அதோடு அவரைத் தனியே விடாதீர்கள். மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104 உதவி எண் இரண்டிலும் தமிழில் பேசலாம். எண்ணைக் கொடுத்துவிட்டு வராமல், பக்கத்தில் உட்கார்ந்து போன் போட்டுக் கொடுங்கள்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் முதல் நாள்

இது நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ‘ஸ்தோத்திரம்’ என்றோ ‘பிரைஸ் த லார்ட்’ என்றோ வரவேற்பார்கள், கத்தோலிக்க அன்பியக் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) கூட்டமென்றால் ‘இயேசுவுக்கே புகழ்’ என்பார்கள். வணக்கம் என்று சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பாட்டு, ஒரு வேதபகுதி, ஜெபக்குறிப்பு, ஜெபம், டீ. திடீரென்று “நீங்க முடிச்சு ஜெபம் பண்ணுங்க” என்று உங்களைக் கைகாட்டினால், “இன்னைக்கு வேண்டாங்கய்யா” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அல்லது கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்குங்கள், எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள்.

உங்கள் வீட்டிலேயே கூட்டம் வைக்கிற நாள் வந்தால், ஒலிபெருக்கி வேண்டாம், ஒன்பது மணிக்கு முன் முடியுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சையா என்று முதலில் கேளுங்கள். ஆடி மாதத்தில் கோயில் பாட்டு சத்தம் என்று முணுமுணுக்கிறவர்கள் நம் கைதட்டலை அளந்து பார்ப்பதில்லை.

வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும்தான் விசுவாசி என்றால், ஜெபத்தைச் சண்டைக்கு ஆயுதமாக்காதீர்கள். மாமியார் விளக்கேற்றுகிற நேரத்தில்தான் நீங்கள் முழங்கால் போட வேண்டும் என்றில்லை. மொட்டை மாடி இருக்கிறது, ரயில் இருக்கிறது.

வறண்ட நாட்கள்

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் நோட்டைத் திறப்பீர்கள், ஒன்றும் தோன்றாது. நீங்கள் ஜெபித்த ஐந்து காரியத்தில் மூன்று அப்படியே இருக்கும். ஒன்று இன்னும் மோசமாகியிருக்கும். இது எல்லாருக்கும் நடக்கும், சாட்சி சொல்கிற மேடையில் மட்டும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்கு 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள்: ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ இப்படி ஆண்டவரைக் கேட்கலாமா என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, கேட்டவர் தாவீது, அது வேதத்தில் அச்சாகியிருக்கிறது. 13-ஆம் சங்கீதம் கடைசியில் பாட்டோடு முடியும். 88-ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடியாது, கடைசி வரி வரை இருட்டுதான். அதுவும் ஜெபம் என்றுதான் உள்ளே வைத்திருக்கிறார்கள். வார்த்தையே வராவிட்டால் பெருமூச்சு விடுங்கள். ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8 சொல்கிறது. கெத்செமனேயில் சீஷர்கள் ஒரு மணி நேரம்கூட விழித்திருக்க முடியாமல் தூங்கிவிட்டார்கள், அவர்களை வைத்துத்தான் சபை தொடங்கியது.

இந்த நாட்களில் யாரிடமாவது சொல்லுங்கள். உங்கள் நோட்டில் நீங்கள் மற்றவர்கள் பெயரை எழுதியதுபோல, யாரோ ஒருவர் நோட்டில் உங்கள் பெயரும் ஏறட்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொடுப்பது சுலபம், வாங்குவதற்குத்தான் கூச்சம். எதிர்வீட்டிலிருந்து தூக்குவாளியில் மீன் குழம்பு வந்தால் “ஐயோ, எதுக்குங்க” என்று ஆரம்பிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று நம் அம்மாக்கள் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், சர்க்கரையாவது போட்டுத் தருவோம். இந்த ஒரு முறை வேண்டாம். கழுவி மட்டும் கொடுங்கள்.